அந்தச் சொல் வகுப்புக்குள் எப்படி வந்தது?



சம்பூர் பக்கம் படிப்பிக்கிறவர்கள் நாங்கள். போன கிழமை பின்வாங்கிலிருந்து ஒருத்தன், மெல்ல நடக்கிற ஒரு பிள்ளையைப் பார்த்து "ஒன்பது" என்று கூப்பிட்டான். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளை கொப்பியிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இந்தச் சொல்லை யார் படிப்பித்தது? பெரும்பாலும் சினிமாதான். பக்கத்தில் இருந்து சிரித்த நாங்களும்தான்.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். 1995இல் வந்த 'பம்பாய்' படத்தில், கலவரத்தில் தொலைந்த பிள்ளையைக் காப்பாற்றுவது ஒரு திருநங்கை. சின்னப் பாத்திரம்தான், ஆனால் சிரிப்புக்காக வைத்ததல்ல. 2000இல் 'அப்பு' வந்தது. அதில் பிரகாஷ்ராஜ் பெண்களை அடைத்து வைத்துத் தொழில் நடத்தும் கொடியவராக வந்தார். 2011இல் 'காஞ்சனா'வில் சரத்குமார் நடித்த திருநங்கை காணிக்காகக் கொல்லப்படுகிறார். காணியை இழந்து முகாம்களில் இருந்த எங்கள் ஊருக்கு அந்த வலி தெரியாதா? 2015இல் 'ஐ' படத்தின் கேலியை எதிர்த்துத் திருநங்கைகள் சென்னையில் போராட வேண்டி வந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கையை 'நான் வித்யா' என்று 2007இல் எழுதினார். அது கன்னடத்தில் படமானது. அவராக நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. 2019இல் 'சூப்பர் டீலக்ஸ்' வந்தது. திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்கும் தேசிய விருது. இருவரும் நல்ல நடிகர்கள், அதில் குறையில்லை. ஆனால் வாழ்ந்தவர் ஒருவர், விருது வாங்கியவர் வேறொருவர்.

வழி இல்லாமலும் இல்லை. 2008இலேயே விஜய் டிவியில் ரோஸ் தன் பெயரிலேயே 'இப்படிக்கு ரோஸ்' நடத்தினார். 'பேரன்பு' படத்தில் மம்முட்டியோடு நடித்த அஞ்சலி அமீர் திருநங்கைதான். அமெரிக்காவில் கறுப்பினத் திருநங்கை லேவர்ன் காக்ஸ், திருநங்கைப் பாத்திரத்தில் தானே நடித்து 2014இல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் வைப்பதையும் சூரா ஹுஜுராத் தடுக்கிறது. அதை நாங்கள் மனப்பாடம் செய்தோம். படம் பார்க்கையில் மட்டும் மறந்துபோனோம்.

அடுத்த நாள் வகுப்பில் இதைத்தான் பேசினோம், யாருடைய பெயரையும் சொல்லாமல். பின்வாங்கு அமைதியாக இருந்தது. அந்தப் பிள்ளை ஒருதரம் தலை நிமிர்ந்து பார்த்தது.

உங்கள் வீட்டில் இன்று ராத்திரி படம் ஓடினால், எந்த இடத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள். அதற்கு முதல், நாம் எங்கே சிரிக்கிறோம் என்று பார்ப்போம்.