குளத்துக்கு மருந்து அடிக்க முன்னம்: நீர்க்களையின் நூறு வருடக் கதை

 

மாரி முடிந்து குளங்கள் நிறைந்து கிடக்கிற காலம். கூடவே பச்சையும் நிறைந்து கிடக்கிறது. சுருவிலில் மட்டுமல்ல, தீவுப்பகுதியில் எங்கு போனாலும் இந்தக் கதைதான் அடிபடுகிறது: “வயலுக்கு அடிக்கிற மருந்தில ரெண்டு போத்தல் வாங்கிக் குளத்துக்கு அடிச்சா முடிஞ்சுது.” கேட்கச் சுலபமான வழிதான். ஆனால் இந்த நாடு இதே பிரச்சினையோடு நூறு வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டி வருகிறது. அந்த வரலாற்றை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுப்போம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வந்தது ஆற்றுவாழை. ஆகாயத்தாமரை என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி, 1905 அளவில் அதன் ஊதாப் பூவின் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நான்கு வருடம் போகவில்லை, 1909 இல் அதை ஒழிப்பதற்கென்றே அரசாங்கம் தனியாக ஒரு கட்டளைச் சட்டம் போடவேண்டி வந்தது. சட்டம் வந்து நூறு வருடம் கடந்துவிட்டது. செடி போகவில்லை. கல்முனைப் பக்கம் கிட்டங்கியால் போய் வருகிறவர்களைக் கேட்டால் ஆற்றுவாழையின் கதை சொல்வார்கள்.

இரண்டாவது சல்வீனியா. இது வந்த வழி எங்களைப் போன்ற ஆசிரியர்களைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். 1939 இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்ட செடி இது. வகுப்பறைக்கு வந்தது வாய்க்காலுக்குப் போனது. 1950களின் நடுப்பகுதியில் சுமார் 22,000 ஏக்கர் வயலிலும் 2,000 ஏக்கர் நீர்நிலைகளிலும் அது படர்ந்திருந்ததாகக் கணக்கிட்டார்கள். இதற்கு விதை கிடையாது. ஒரு சிறு துண்டு ஒடிந்து மிதந்தால் போதும், அதுவே புதுச் செடி.

மருந்தின் வரலாறும் இதே காலத்ததுதான். அமெரிக்காவின் தென்மாநில ஆறுகளில் ஆற்றுவாழை கப்பல் பாதையை அடைத்தபோது, 1900களின் தொடக்கத்தில் ஆர்செனிக் கலந்த மருந்தைத் தெளித்தார்கள். செடி செத்தது. கரையில் மேய்ந்த மாடுகளும் செத்தன. 1905 இல் புளோரிடாவில் கால்நடைக்குக் கேடான மருந்தை அடிக்கக் கூடாது என்று தடுக்கவேண்டி வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 2,4-டி என்ற களைநாசினி வந்தது. அதன் பிறகு பரகுவாட், கிளைபோசேற் என்று வரிசை நீண்டது. இலங்கையிலும் 1950களில் சல்வீனியாவுக்கு மருந்து அடித்துப் பார்த்தார்கள். அடித்த இடத்தில் செடி கருகியது. தப்பிய துண்டுகளில் இருந்து திரும்ப முளைத்தது.

சல்வீனியாவை அடக்கியது கடைசியில் ஒரு சின்ன வண்டு. அதற்கு முன் ஒரு பெரிய குழப்பம் தீரவேண்டியிருந்தது. உலகம் முழுவதும் இந்தச் செடியை வேறொரு சல்வீனியா இனம் என்று நினைத்து, அந்த இனத்தைத் தின்னும் பூச்சியைக் கொண்டுபோய் விட்டார்கள். பலன் இல்லை. 1972 இல்தான் இது தனி இனம் என்று பெயர் வைக்கப்பட்டது. 1978 இல் இதன் சொந்த ஊர் தென்கிழக்கு பிரேசில் என்று கண்டுபிடித்தார்கள். அங்கே இதைத் தின்னும் வண்டும் கிடைத்தது. 1980 இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் அந்த வண்டை விட்டார்கள். அடுத்த வருடமே ஏரி வெளித்தது. 1986 இல் அதே வண்டு இலங்கைக்கும் வந்தது. சில வருடங்களிலேயே பல இடங்களில் சல்வீனியா அடங்கியது. அந்தத் திட்டத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாவுக்கும் சுமார் 53 ரூபா பயன் கிடைத்தது என்று 1989 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. செடியின் சரியான பெயரைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மருந்தும் கிடைத்தது என்பதை மறக்காமல் இருப்போம்.

இனி எங்கள் குளத்துக்கு வருவோம். “வயல் மருந்தைக் குளத்துக்கு அடித்தால் என்ன?” என்ற கேள்விக்கு மூன்று விடயங்கள் சொல்லலாம்.

ஒன்று, கிளைபோசேற் இலையில் பட்டால்தான் வேலை செய்யும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பாசியை அது ஒன்றும் செய்யாது. எங்கள் தண்ணீரோ சுண்ணாம்பு கூடிய வன்நீர். அதிலுள்ள கல்சியம் இந்த மருந்தைப் பிடித்து வலுவைக் குறைத்துவிடும். மருந்து கேட்கவில்லை என்று நாங்கள் அளவைக் கூட்டுவோம். அங்கேதான் ஆபத்துத் தொடங்குகிறது.

இரண்டு, களை முழுவதும் ஒரேயடியாகச் செத்தால் அத்தனையும் குளத்துக்குள்ளேயே அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஒட்சிசன் குறையும். மீன் செத்து மிதக்கும். வெளிநாடுகளில் பயிற்சி பெற்றவர்கள் அடிக்கும்போதுகூடக் குளத்தைப் பகுதி பகுதியாகத்தான் அடிப்பார்கள். அதுவும் தண்ணீருக்கென்று அனுமதிக்கப்பட்ட தயாரிப்பைத்தான். வயலுக்கு விற்கும் தயாரிப்புகள் சிலவற்றில் மருந்தோடு சேர்த்திருக்கும் ஒட்டும் பொருளே மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் நஞ்சு.

மூன்றாவது எல்லாவற்றிலும் முக்கியம். எங்கள் தீவுக்கு ஆறு இல்லை. மாரியில் குளத்தில் தேங்கும் தண்ணீர்தான் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. நிலத்துக்குக் கீழே நன்னீர், உப்புநீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இந்த வில்லை கெட்டால் மாற்ற வேறு தண்ணீர் இல்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அதற்குப் பொறுப்பான மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. காசு வந்தாலும் கிணறு உடனே பழைய கிணறு ஆகாது.

களைநாசினி எல்லாமே கூடாது என்று இங்கே சொல்ல வரவில்லை. கிளைபோசேற்றை 2015 இல் தடை செய்தார்கள், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அனுமதித்தார்கள், 2022 இல் தடையை நீக்கினார்கள். அந்த வாதம் அறிஞர்களுக்கு இடையில் இன்னும் நடக்கிறது. ஆனால் கடையில் விற்பதாலேயே குளத்துக்கும் அடிக்கலாம் என்று ஆகாது. போத்தலின் லேபிளில் என்ன பயிருக்கு, எந்த இடத்துக்கு என்று எழுதியிருக்கும். பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்த 1980 இலேயே சட்டம் இருக்கிறது.

அப்படியென்றால் என்ன செய்வது? எங்கள் பெரியவர்கள் செய்ததைத்தான்.

முதலில், குளத்தில் நிற்பது என்ன செடி என்று பார்ப்போம். அல்லி, தாமரை, கோரை எல்லாம் எங்கள் குளத்துக்குச் சொந்தமானவை. கரைப்பக்கம் அளவோடு நின்றால் மீனுக்கும் குருவிக்கும் நல்லது. ஆற்றுவாழையோ சல்வீனியாவோ என்றால் ஒரு படம் எடுத்துக் கமநல சேவை நிலையத்துக்குக் காட்டுவோம்.

மிதக்கும் களையை, அது கொஞ்சமாக இருக்கும்போதே, சிரமதானம் வைத்துக் கையால் இழுத்து எடுப்போம். எடுத்ததைக் குளக்கரையிலேயே குவித்தால் அடுத்த மழை திரும்ப உள்ளே தள்ளிவிடும். தள்ளிக் கொண்டுபோய்க் காயவைத்தால் பெரும்பகுதி தண்ணீராகப் போய்விடும், மிச்சம் தோட்டத்துக்கு எரு.

கோடையில் குளம் வற்றும்போது தூர்வாருவோம். வற்றும் குளத்தில் சல்வீனியா தானே காய்ந்து சாகும். ஆற்றுவாழையின் விதையோ சேற்றுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால் சேற்றையும் சேர்த்து அள்ள வேண்டும்.

கடைசியாக, வீட்டு மீன் தொட்டியில் வளரும் செடியைக் குளத்தில் கொட்ட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். இந்த இரண்டு களையும் மனிதக் கையால்தான் இந்த நாட்டுக்கு வந்தன.

ஒரு நாள் வேலைக்குப் பஞ்சிப்பட்டு அடிக்கும் மருந்தை, வருடக் கணக்கில் குடிக்கப் போவது எங்கள் பிள்ளைகள். உலூச் செய்வதும், பொங்கலுக்கு உலை வைப்பதும், கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் எடுத்துப் போவதும் இந்த நிலத்தடித் தண்ணீர்தான்.

உங்கள் ஊர்க் குளத்தில் முன்பு எப்படிக் களை எடுத்தார்கள் என்று தெரிந்த பெரியவர்கள் கீழே எழுதுங்கள். சிரமதானத்துக்கு நாள் குறிப்பதென்றால் நாங்களும் மண்வெட்டியோடு வருகிறோம்.