வீட்டுக் கூரையும் விளையாட்டு மைதானமும்

சூறாவளி வீசி ஓய்ந்த ஊரில் முதலில் எதற்குப் பணம் சேர்க்க வேண்டும்? வீட்டுக் கூரைக்கா, விளையாட்டு மைதானத்துக்கா? பல ஆண்டுகளாக என் மனதில் கிடந்த இந்தக் கேள்வியை 2018 மே 31 ஆம் திகதி இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் நடைபெற்ற ஒரு கிரிக்கெட் போட்டி மீண்டும் கிளறிவிட்டது.

அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பரில் கரீபியன் தீவுகளை இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்துத் தாக்கியிருந்தன. 6 ஆம் திகதி இர்மா அங்குவிலாவைச் சிதைத்தது. 18 ஆம் திகதி இரவு மரியா டொமினிக்காவில் கரையேறியது. ஏறத்தாழ 70,000 பேர் வாழும் அத்தீவில் பெரும்பாலான வீடுகள் கூரையை இழந்தன. பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட்டின் வீட்டுக் கூரையும் தப்பவில்லை. அதை அவரே அன்றிரவு முகநூலில் எழுதினார். பிரதமரும் குடிமக்களும் ஒரே மழையில் நனைந்த இரவு அது. நமது நாடுகளில் இது அபூர்வம்.

லோர்ட்ஸ், மேரிலிபோன் கிரிக்கெட் கழகத்தின் சொந்த மைதானம். அங்கு மேற்கிந்தியத் தீவுகள் அணியும் உலக அணியும் மோதின. அந்த இருபது ஓவர் போட்டியில் திரட்டப்படும் நிதி, அங்குவிலாவின் ரொனால்ட் வெப்ஸ்ரர் பூங்கா, டொமினிக்காவின் வின்ட்சர் பூங்கா போன்ற சேதமடைந்த மைதானங்களைத் திருத்துவதற்கென அறிவிக்கப்பட்டிருந்தது. எவின் லூயிஸ் 26 பந்துகளில் 58 ஓட்டங்கள் குவித்தார். உலக அணிக்காக நமது திசர பெரேரா 61 ஓட்டங்கள் எடுத்துப் போராடியும் மேற்கிந்தியத் தீவுகள் 72 ஓட்டங்களால் வென்றது. தமிழகத்தின் தினேஷ் கார்த்திக்கும் உலக அணியில் ஆடினார்.

மைதானத்துக்கா இந்தப் பணம் என்று முதலில் நான் முகம் சுளித்தேன். பின்னர் 1978 நினைவுக்கு வந்தது.

அவ்வாண்டு நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது, நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். 900 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டத்தின் தென்னைகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் நிவாரண நிதிக்காக ஓர் உதைபந்தாட்டப் போட்டியை நடத்தியது. செய்தி போடும்படி கேட்டுக் கழகச் செயலாளர் கையால் எழுதிய கணக்குடன் வந்தார். நுழைவுச்சீட்டு, உண்டியல், தேநீர்ச் செலவு, அரிசி மூட்டை, சாரம், சேலை எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரியில் "உதைபந்து இரண்டு" என்று இருந்தது. வீடில்லாதவனுக்குப் பந்து எதற்கு என்று கேட்டேன்.

"தம்பி, அரிசியை அரசாங்கமும் குடுக்கும். பந்தை ஆர் குடுக்கப் போகினம்?" என்றார்.

பதில் எனக்குப் பிடிக்கவில்லை. செய்தியை நான்கு வரிகளாகச் சுருக்கி உட்பக்கத்துக்கு அனுப்பினேன். பந்து விடயத்தை வெட்டிவிட்டேன்.

ஏறத்தாழ 15,000 பேர் மட்டுமே வாழும் அங்குவிலா, உலக வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய தீவு. அத்தீவு தந்த முதல் டெஸ்ட் வீரர் ஒமாரி பாங்க்ஸ். 2003 மே மாதம் அன்ரிகுவாவில் அவுஸ்திரேலியா நிர்ணயித்த 418 ஓட்டங்களைத் துரத்தி மேற்கிந்தியத் தீவுகள் வென்றபோது, 47 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றவர் அவர். அன்று அத்தீவின் பெயரை உலகம் கேட்டது.

வின்ட்சர் பூங்காவிலோ, 2017 மே மாதத்தில் பாகிஸ்தானின் மிஸ்பா உல் ஹக்கும் யூனிஸ் கானும் தங்கள் கடைசி டெஸ்டை ஆடி விடைபெற்றனர். நான்கு மாதங்களில் மரியா வந்தது. டெஸ்ட் கிரிக்கெட் அங்கு திரும்ப ஆறு ஆண்டுகளாயின. 2023 ஜூலையில் இந்திய அணி அங்கு சென்றபோது தமிழகத்தின் ரவிச்சந்திரன் அஸ்வின் இரு இன்னிங்ஸ்களிலுமாக 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மூன்றே நாளில் போட்டி முடிந்தது.

அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவர்களுக்கிடையே என் கண் பார்வையாளர் கூடத்தின் கூரையையே தேடியது.