கையைக் கேட்ட நீதி

நேற்று சாயங்காலம் தெப்பக்குளக் கரையில் என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், நம்ம கோயில்ல கொதிக்கிற நெய்யில கைய விடச் சொன்னது நெசமா?"

நிஜம்தான். கைமுக்கு என்று பெயர். ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளைச் சுசீந்திரத்துக்கு அழைத்து வந்து, கொதிக்கும் நெய்யில் கையை முக்கச் செய்வார்கள். கையைக் கட்டிவைத்து, பிறகு பிரித்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி. அகலிகையால் பழிபட்ட இந்திரனே இங்கு வந்து சுத்தமானான் என்பதுதானே நம் தலபுராணம்! சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829–1846) இந்த வழக்கம் ஒழிந்தது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே கொதிநீர், பழுக்கக் காய்ச்சிய இரும்பு. மூன்றாம் நாள் கட்டைப் பிரிப்பார்கள். சடங்குக்குக் குருவானவரின் ஆசீர்வாதம் வேண்டும். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் அந்த ஆசீர்வாதத்தைத் தடுத்தது. 1219-இல் இங்கிலாந்து இச்சோதனையைக் கைவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்ததும் அதே லாத்தரன் சங்கம்தான். கையை விட்டு மனதைக் கேட்கத் தொடங்கினார்கள்.

அதற்கு முன்பே பீட்டர் அபெலார்ட் (இறப்பு 1142), பாவம் செயலில் இல்லை, மனம் அதற்கு இசைவதில் இருக்கிறது என்றார். பின்னால் வந்த தாமஸ் அக்குவினாஸ் (இறப்பு 1274), மனிதனுக்குச் சுயவிருப்பம் இல்லையென்றால் புத்திமதியும் தண்டனையும் வீண் என்றார். தவறான மனச்சாட்சியானாலும் அதை மீறுவது பாவமே. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதை அசட்டையால் தெரிந்துகொள்ளாதவனுக்கு, 'அறியாமல் செய்தேன்' என்பது சாக்காகாது என்பதும் அவர் வாதம்.

எல்லாம் நேராகிவிடவில்லை. மனதைக் கேட்கிறோம் என்று வாக்குமூலத்தைத் தேடியவர்கள், 1252-இல் சித்திரவதைக்கும் போப்பின் அனுமதி பெற்றார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் நடத்திய நான் என்ன செய்தேன்? ஒருநாள் பரீட்சைப் பணம் காணாமல் போனது. சூடம் ஏற்றி, "அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கலே" என்றேன். ஒரு பையன் மட்டும் கையைப் பின்னுக்கு இழுத்தான். அவன்தான் என்று முடிவு கட்டி, எல்லார் முன்னாலும் அடித்தேன். மறுநாள் பணம் என் நோட்டுக்குள்ளேயே இருந்தது.

"ஏம்லே கைய இழுத்த?" என்று கேட்டேன்.

"சுடும்னு பயந்துட்டேன் சார்."

நியாயம் என்று நம்பித்தான் அடித்தேன். ஆனால் என் நோட்டை நான் புரட்டிப் பார்த்திருக்கலாம். அக்குவினாஸ் கணக்கில் எனக்கு மன்னிப்பு இல்லை.

நேற்று குளக்கரையில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் அவன்தான். முப்பது வருஷம் கழித்து, நேற்றுதான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.