வெட்டுப்படாத பெயர்

இரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் புரிகிறது. அதே வீட்டுப் பிள்ளை வேதியியல் புத்தகத்தில் படிக்கும் அணு வேறு. ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் அந்த அணுக்கள் பல லட்சம் கோடி அடங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர்!

வடமொழி வழியாகத் தமிழில் வேரூன்றிய ‘அணு’வுக்கு நுண்ணியது என்றுதான் பொருள். அளவைத் தவிர வேறெதையும் அது சொல்வதில்லை. அதனால்தான் ‘அணுவளவும் சந்தேகமில்லை’ என்று அடித்துப் பேசவும், ஒரு கச்சேரியை அணு அணுவாக ரசிக்கவும் முடிகிறது.

தத்துவவாதிகள் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் வேலை கொடுத்தார்கள். வஞ்சி நகரில் மணிமேகலை சந்திக்கும் ஆசீவக சமயவாதி, நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்களைச் சொல்கிறார். அவை புதிதாகப் பிறப்பதில்லை, பிளப்பதுமில்லை. கூடியும் பிரிந்தும் பொருள்கள் ஆகின்றன. தனி அணு ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? மாலை மங்கலில் ஒற்றை மயிர் தெரியாது, கற்றையாகத் திரண்டால் தெரியும் என்கிறார். பள்ளிப் பாடத்தில் இன்றைக்கும் சேர்க்கத்தக்க உவமை இது.

கிரேக்கரின் ‘அடோமோஸ்’ அளவைப் பற்றிப் பேசவில்லை. வெட்ட முடியாதது என்று சத்தியமே செய்தது. மான்செஸ்டரில் பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த ஜான் டால்டன் 1808இல் வெளியிட்ட நூலில் அந்தப் பழைய பெயருக்கு எடை என்ற புதுச் சரக்கை ஏற்றினார். ஹைட்ரஜனை 1 என்று வைத்து மற்றவற்றை அளந்தார். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்ததும் சத்தியம் பொய்த்தது. 1911இல் அணுவுக்குள் கரு இருப்பதை ரூதர்ஃபோர்டு அறிவித்தார்; அவர் இருந்ததும் டால்டனின் அதே மான்செஸ்டரில்தான். ஆங்கிலம் இன்றும் அந்தப் பொய்த்த பெயரையே சுமக்கிறது. தமிழுக்கு அந்தச் சங்கடம் இல்லை. நுண்ணியது உடைந்தாலும் நுண்ணியதுதான். திருக்குறளைப் புகழ வந்த ஔவையார் பாட்டு அணுவுக்கு எப்போதோ துளை போட்டுவிட்டதே!

எடையை நம்பித்தான் 1869இல் மெண்டலீவ் தம் தனிம அட்டவணையை அடுக்கினார். டெல்லூரியமும் அயோடினும் முரண்டு பிடித்தன. டெல்லூரியத்தின் எடை 127.6, அயோடினுக்கு 126.9. குணத்தைப் பார்த்தால் அயோடின் குளோரின் குடும்பம். எடை தப்பாக அளக்கப்பட்டிருக்கும் என்று சொல்லி, அவர் குணத்தின் பக்கமே நின்றார். எடை தப்பவில்லை, அடுக்கியது சரி! 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு ‘அணு எண்’ணுக்கு அடித்தளம் இட்டபோதுதான் காரணம் தெரிந்தது: வரிசையைத் தீர்மானிப்பது எடையல்ல, அணு எண்; டெல்லூரியம் 52, அயோடின் 53. இரண்டே ஆண்டில் கல்லிப்போலி போர்க்களத்தில் 27 வயதில் மோஸ்லி மாண்டார்.

அணு என்றாலே சிறியது; அதிலும் பெரியது சிறியது உண்டு. அட்டவணையின் ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகப் போனால் பெரும்பாலும் எடை ஏறும், உருவம் சுருங்கும். சோடியத்தின் ஆரம் சுமார் 186 பிக்கோமீட்டர், குளோரினுக்கு 99தான். புரோட்டான் கூடக் கூட, கரு எலெக்ட்ரான்களை உள்நோக்கி இறுக்கி இழுக்கிறது.

மறுபடி இரத்தத்துக்கு வருவோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சிவப்பணுவைச் ‘செங்குழியம்’ என்கின்றன. உயிரணு அங்கே ‘கலம்’. அணுவுக்கு அங்கே ஒரே வேலை. இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாடு யாழ்ப்பாணத்திடம் கடன் வாங்கலாம்.