ஈரச்சாக்கும் கற்பூரப் பெட்டியும்: நண்டை உயிரோடு வைத்திருந்த வரலாறு

கொல்கத்தாவில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த முதல் ஆண்டில் நான்கு நண்டுகளை அறியாமல் கொன்றேன். சனிக்கிழமை மாலை சந்தையில் வாங்கியவை. ஞாயிறன்று தோழியருடன் சேர்ந்து சமைப்பதாகத் திட்டம். சணல் கயிற்றால் கட்டுண்டு, வாயில் நுரை தள்ளிக் கிடந்தவற்றைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. கட்டை அவிழ்க்கத் துணிவில்லை. ஆகவே வாளி நிறையக் குழாய்நீர் பிடித்து அதற்குள் விட்டேன். நீர்வாழ் உயிருக்கு நீரைக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு உறங்கினேன். விடிந்தபோது நான்கும் கால் தளர்ந்து கிடந்தன. வாளியிலிருந்து நெடி வீசியது. மறுவாரம் அதே சந்தையில் இதைச் சொன்னபோது, நண்டு விற்ற மாஷி சிரித்தார். (வங்காளத்தில் தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் அச்சொல்லாலேயே மீன்காரப் பெண்களையும் அழைப்பர்.) "தண்ணீரிலா போட்டாய், மா? மூச்சு முட்டிச் செத்திருக்கும்" என்றார்.

நண்டு நீரில் மூச்சு முட்டிச் சாகும் என்பது மொழியியல் படித்த எனக்கு முதலில் முரண்தொடராகவே பட்டது. பின்னர் விலங்கியல் நூல்களைப் புரட்டியபோது, அவர் சொன்னதில் மிகையே இல்லை என்று விளங்கியது. நண்டின் செவுள்கள் ஓட்டின் இரு பக்கங்களிலும் உள்ள அறைகளுக்குள் அமைந்தவை. அவ்வறைகளில் சிறிதளவு நீர் தங்கியிருக்கும். வாயருகே துடுப்புப் போன்ற ஓர் உறுப்பு ஓயாது அசைந்து நீரையோ காற்றையோ செவுள்கள்மீது செலுத்தும். செவுள் ஈரமாக உள்ளவரை சேற்று நண்டு காற்றிலுள்ள உயிர்வளியைக் கொண்டே வாழ்ந்துவிடும். ஒரே கொள்ளளவில், நீரில் கரைந்திருப்பதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு உயிர்வளி காற்றில் உண்டு. அசைவற்ற வாளிநீரில் உள்ள சொற்ப உயிர்வளியை நான்கு நண்டுகள் விரைவில் தீர்த்துவிடும். அவை வெளியிடும் கழிவும் அதே நீரில் சேரும். கட்டுண்ட நண்டுக்கு மேலேறித் தப்பவும் வழியில்லை. ஈரம் வேண்டும், நீர் வேண்டாம். மாஷியின் அறிவு இதுதான்.

எல்லா நண்டுக்கும் இது பொருந்தாது. கடலில் வலைப்படும் நீலக்கால் நண்டு கரையேறிய சில மணி நேரத்தில் இறந்துவிடும். அலையாத்திக் காட்டுச் சேற்றில் வளை தோண்டி வாழும் சேற்று நண்டோ, நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் கிடைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்கும். நம் கரையோரங்களில் களி நண்டு என்பார்களே, அதுதான். இறந்துவிட்டாலோ அதன் செரிமானச் சுரப்பியிலுள்ள நொதிகள் தசையைக் கரைக்கத் தொடங்கும், நுண்ணுயிர்கள் பெருகும், சதை கூழாகும். மீனைப்போல் குடலை நீக்கி உப்பிட்டு வைத்துக்கொள்ளும் வாய்ப்பும் இதில் குறைவு. எனவே சமைக்கும் வரை நண்டை உயிரோடு வைத்திருப்பது வெறும் சுவைநுட்பமன்று. அதை உணவாகக் கொள்வதற்கே முன்நிபந்தனை.

இந்த அறிவு எவ்வளவு பழையது? கேள்வி எளிது, சான்று தேடுவதுதான் கடினம். சமையல் நூல்கள் நண்டை வெட்டிய பிறகே தொடங்குகின்றன. மருத்துவ நூல்கள் உண்ட பிறகு உடலில் நிகழ்வதைப் பேசுகின்றன. சுசுருத சம்ஹிதையின் சூத்திரத்தானம் நண்டை ஆமை, முதலை ஆகியவற்றோடு 'காலுடைய' நீருயிர்களின் தொகுதியில் வைத்து, கருநண்டுக்கும் வெண்ணண்டுக்கும் தனித்தனியே குணம் சொல்கிறது. சரக சம்ஹிதை விலக்க வேண்டிய இறைச்சிகளைப் பட்டியலிடும்போது தானே இறந்த விலங்கின் இறைச்சியையும் அதில் சேர்க்கிறது. இந்த விதியை நண்டோடு சேர்த்துப் படித்தால், உண்ணும் நேரம் வரை நண்டு உயிரோடு இருந்தாக வேண்டும் என்பது பெறப்படும். ஆனால் அதை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று இரு நூல்களும் சொல்லவில்லை. மருத்துவருக்கு அது வேலையும் அன்று.

விடையின் சாயல் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது: கதைகளில்.

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்து இறுதிக் கதையை நினைவுகூருங்கள். தனியே வெளியூர் புறப்படும் மகனிடம், துணையின்றிச் செல்லாதே என்று சொல்லித் தாய் குளத்திலிருந்து ஒரு நண்டைப் பிடித்துக் கொடுக்கிறாள். அவன் அதைக் கற்பூரப் பெட்டியில் இட்டு எடுத்துச் செல்கிறான். வெயிலுக்கு ஒதுங்கி மரத்தடியில் உறங்கும்போது, கற்பூர மணத்தால் ஈர்க்கப்பட்டு வந்த பாம்பை அந்த நண்டு கொல்கிறது. நீதி எதுவாயினும் இருக்கட்டும். என் கவனம் பெட்டியின்மீது. கோடையில், நீரற்ற பெட்டிக்குள், நடைபயணத்தில் நண்டு உயிரோடிருக்கும் என்பதைக் கதைசொல்லி விளக்கவே இல்லை. கேட்போரும் அதை வியக்கமாட்டார்கள் என்று அவர் நம்புகிறார். நண்டுக்குப் பதிலாக ஒரு மீனைப் பெட்டியில் வைத்திருந்தால் அதே அவை சிரித்திருக்கும். (கற்பூரத்தோடு அடைபட்ட நண்டு உண்மையில் எத்தனை நாழிகை தாங்கும் என்பது ஐயத்திற்குரியதே. கதைக்கு மணம் தேவைப்பட்டது.)

பள்ளிப் பாடத்தில் நாம் படித்த கொக்கும் நண்டும் கதையும் இதே அறிவின்மீது நிற்கிறது. பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்திலும் பாலி மொழியின் பக ஜாதகத்திலும் அது உண்டு. கொக்கு மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்று தின்கிறது. நீரைவிட்டு எடுத்த நொடியிலேயே மீன்களின் கதை முடிந்துவிடுகிறது. நண்டு மட்டும் வானில் பறக்கும்போதும் பேசுகிறது, எலும்புக் குவியலைப் பார்க்கிறது, சூழ்ச்சியை உணர்கிறது, கழுத்தைத் துண்டிக்கிறது. பஞ்சதந்திர வடிவில், துண்டித்த கழுத்தோடு தரைவழியே மெல்ல மெல்லக் குளத்துக்குத் திரும்பியும் வருகிறது. நீருக்கு வெளியே நெடுநேரம் வாழும் ஒரே பாத்திரம் என்பதால்தான் நண்டு அக்கதையில் வெல்கிறது. நண்டின் அறிவுக்கூர்மையைப் புகழும் உரைகளைப் படித்திருக்கிறேன். செவுளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மூன்றாவதாகச் சுவண்ணகக்கட ஜாதகம். வயலுக்குச் செல்லும் அந்தணர் ஒருவர், வழியிலுள்ள குட்டையில் நட்பான நண்டைத் தம் மேலாடையில் இட்டு எடுத்துச் செல்கிறார். வேலை முடிந்தபின் மீண்டும் நீரில் விடுகிறார். துணியில் பொதிந்த நண்டு! இன்று ஈரச்சாக்கு செய்யும் வேலையைத்தான் அங்கே மேலாடை செய்கிறது என்று சொல்ல எனக்கு ஆசை. ஆடை நனைந்திருந்ததா என்பதைக் கதை கூறாததால், ஆசையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மொழியும் ஒரு சான்றைத் தருகிறது. வங்காளத்தில் 'ஜியியே ராகா' என்றொரு வினைத்தொடர் உண்டு. பிடித்த மீனை நீரில் விட்டு உயிரோடு வைத்திருப்பது அதன் முதற்பொருள். தீர்க்க வேண்டிய சச்சரவை வேண்டுமென்றே தீர்க்காமல் வைத்திருப்பது அதன் ஆகுபொருள். அரசியல் செய்திகளில் இதை அடிக்கடி காணலாம். கோய், மாகுர், சிங்கி போன்ற மீன்களுக்கு 'ஜியோல் மாச்' என்றே தொகுதிப் பெயர் அமைந்துள்ளது. இவை யாவும் காற்றைச் சுவாசிக்கும் திறன் உடையவை. அதாவது, இம்மீன்களை மூச்சின் இயல்பால் வகைப்படுத்தியது ஆய்வகம் மட்டுமன்று, சந்தையும்தான்.

கோய் என்றதும் தரங்கம்பாடி நினைவுக்கு வருகிறது. அதுவே நம் பனையேறிக் கெண்டை. டேனியக் கிழக்கிந்திய நிறுவனத்தில் பணியாற்றிய டால்டார்ஃப், 1791இல் அவ்வூரில் ஒரு கோய் மீன் பனைமரத்தில் நீர்மட்டத்துக்கு மேலே ஏறியிருந்ததைக் கண்டதாக எழுதினார். 1797இல் அது லண்டனில் அச்சானது. அடுத்த ஆண்டே ஃபாப்ரிசியஸ் ஒரு சேற்று நண்டை விவரித்து, அதன் அறிவியற்பெயரில் தரங்கம்பாடியைப் பதித்தார். ஸ்கில்லா ட்ராங்குபாரிக்கா என்ற பெயரில் அவ்வூர் இன்றும் நண்டின் முதுகில் இருக்கிறது. பின்னர் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் ஆல்காக் 1895 முதல் 1900 வரை இந்திய நண்டுகளைப் பற்றிய பெருந்தொகுப்பை வெளியிட்டார். அற்புதமான உழைப்பு. ஆயினும் அவர்கள் கையில் இருந்தவை சாராயப் புட்டியிலிட்ட மாதிரிகள். ஓட்டின் பற்களை எண்ணவும் கொடுக்கின் முட்களை அளக்கவும் இறந்த நண்டு போதும். உயிருள்ள நண்டை மூன்று நாள் வைத்திருக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கங்களில் இல்லை. காப்பகத்தில் அமர்ந்து நண்டின் வரலாற்றைத் தேடும் ஆய்வாளருக்கு முதலில் கிட்டுவது பிணவறைப் பதிவேடுதான்.

மாஷியின் நண்டுகள் கேனிங்கிலிருந்து வருபவை. 1860களில் ஹூக்ளித் துறைமுகத்துக்கு மாற்றாக எழுப்பப்பட்டு, 1867ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் கைவிடப்பட்ட ஊர் அது. துறைமுகம் போயிற்று, அதற்காக இட்ட தொடர்வண்டிப் பாதை நின்றது. இன்று சுந்தரவனத்து மீனும் நண்டும் கைமாறும் மொத்தச் சந்தை அங்கே இயங்குகிறது. கழிமுக ஓடைகளில் நண்டு பிடிப்போர், இரை கட்டிய நெடுங்கயிற்றை நீரில் இறக்குகின்றனர். அதில் தூண்டில் முள் கிடையாது. இரையைப் பற்றிய நண்டு அதை விடாமல் மேலே வரும். மேற்பரப்பை எட்டும் நொடியில் கைவலையால் அள்ளுவர். அமிதவ் கோஷின் 'தி ஹங்ரி டைட்' நாவலில் வரும் ஃபோகிர் இத்தொழில் செய்பவனே. வற்றுநேரத்தில் சேற்றில் இறங்கி, வளைக்குள் இரும்புக் கம்பியை விட்டு இழுப்போரும் உண்டு. புலிக்கு அதிகம் அகப்படுபவர்கள் இவர்கள்.

பிடித்த மறுநொடியே கட்டு விழுகிறது. கொடுக்குகளை மடக்கி உடலோடு அணைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓரிரு சுற்றில் முடிச்சிட வேண்டும். கட்டாவிட்டால் ஒன்றையொன்று கடித்துக் கால்களை இழக்கும். கொடுக்கு போனால் விலையும் போகும். கட்டுண்ட நண்டு அசைவதில்லை. அசைவு குறைந்தால் உயிர்வளித் தேவையும் குறைகிறது. நான் இரக்கப்பட்ட அந்தக் கயிறுதான் அதன் உயிரை நீட்டித்துக்கொண்டிருந்தது. பிறகு மூங்கில் கூடை, ஈரச்சாக்கு, நிழல், அவ்வப்போது உவர்நீர்த் தெளிப்பு. காற்று நேரே படக் கூடாது, செவுள் உலர்ந்துவிடும். பனிக்கட்டியும் நேரே படக் கூடாது.

1980களில் இந்தியாவிலிருந்து உயிருள்ள சேற்று நண்டு ஏற்றுமதி வளர்ந்தபோது, வானூர்தியில் ஏறியதும் இதே அறிவுதான். மூங்கில் கூடைக்குத் துணையாகத் துளையிட்ட தெர்மகோல் பெட்டி வந்தது. மற்றவை அப்படியே இருந்தன. தோலுரித்துச் சதை நிரம்பாத 'வாட்டர் கிராப்' வகையைக் குளத்திலும் பெட்டியிலும் சில வாரங்கள் தீனியிட்டு வளர்த்து விற்கும் தொழிலும் பெருகியது. உயிரோடு வைத்திருத்தல் மணிக்கணக்கிலிருந்து வாரக்கணக்குக்கு நீண்டது. ஏற்றுமதி வரலாற்றை எழுதுவோர் டன்னையும் டாலரையும் எண்ணுகின்றனர். அந்த டாலர் முழுவதும், நண்டு ஹாங்காங்கிலோ சிங்கப்பூரிலோ கண்ணை அசைக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதை அசையவைக்கும் முடிச்சு எந்த அட்டவணையிலும் இல்லை.

2020 சனவரியில் அந்தச் சங்கிலி அறுந்தது. சீனப் புத்தாண்டுக்காக முட்டை நிறைந்த பெண் நண்டுகள் சேர்க்கப்பட்டிருந்த வேளையில், பெருந்தொற்றால் சீனாவுக்கான ஏற்றுமதி நின்றது. சுந்தரவனத்தின் இரு பக்கங்களிலும், இந்தியாவிலும் வங்கதேசத்திலும், விலை சரிந்தது. நெல்லாயின் களஞ்சியத்தில் காத்திருக்கும். உலர்மீனாயின் பருவத்தைக் கடக்கும். நண்டு காத்திருக்காது. எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் ஈரச்சாக்கு தருவது சில நாள் தவணை மட்டுமே. ஏற்றுமதியாளரின் இழப்பு கணக்கேட்டில் எழுதப்பட்டது. புலிக்காட்டுக்குள் சென்று பிடித்து வந்தவருக்குக் கடன் நின்றது. அடுத்த பெருக்கிலும் அவர்கள் ஓடைக்குத்தான் சென்றார்கள். வேறு வேலை அங்கில்லை. அனுமதிச்சீட்டு இல்லாமல் சென்று இறந்தவரின் சாவை வெளியே சொல்லவும் குடும்பத்தார் அஞ்சுவது இத்தொழிலின் நெடுநாள் வழக்கம்.

நண்டின் வலியைப் பற்றிய கேள்வியைத் தவிர்க்க இயலாது. வகுப்பில் இதைப் பேசினால் முதலில் எழும் கேள்வியும் அதுவே. 2022இல் பிரிட்டன் இயற்றிய சட்டம் பத்துக்கால் ஓட்டுயிர்களையும் உணர்வுடைய விலங்குகளாக ஏற்றது. அதைப் புதுமை என்று நம்மவர் பலர் எழுதினர். விலங்குவதையைத் தடுக்கும் நம் 1960ஆம் ஆண்டுச் சட்டம், மனிதர் அல்லாத எந்த உயிரும் விலங்கே என்று ஏற்கெனவே வரையறுத்துள்ளது. உணவுக்காகக் கொல்வதை அது தடுக்கவில்லை. தேவையற்ற துன்பத்தைத் தடுக்கிறது. வரையறையின்படி வாளிநீரில் நான் விட்ட நான்கும் அச்சட்டத்துக்குள் வருபவை. கொதிநீரில் உயிரோடு இடாமல், பனிநீரில் வைத்து மரத்துப்போகச் செய்தபின் விரைந்து வெட்டுவதே இப்போது என் வழக்கம். அவ்வாறு செய்தால் கால்களும் கழன்று விழுவதில்லை.

சென்ற மாதம் மாஷியிடம் முடிச்சுப் போடக் கற்றுத்தரும்படி கேட்டேன். கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு முறை செய்து காட்டினார், எனக்கு வரவில்லை. வேண்டாம், முதலில் இதைக் கற்றுக்கொள் என்று கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். காம்பின் நுனியிலிருந்த கண்ணைக் கயிற்று முனையால் மெல்லத் தொட்டார். கண் சட்டென்று குழிக்குள் மடங்கியது. அடுத்ததைத் தொட்டார், அது மடங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் அதைக் கூடைக்கு வெளியே வைத்தார்.