இலண்டனுக்கு ஒருநாட் பயணம்

குடும்பத்தோடு புகையிரதம் ஏறி, புகழ்பெற்ற நகரமொன்றைக் கண்டு களித்து, அன்றிரவே வீடு திரும்புவதென்பது இன்று வெகு சாதாரணமான காரியம். கட்டணம் எவ்வளவு, விடுமுறை எந்த நாளில், வண்டி எத்தனை மணிக்கு, பிள்ளைகளோடு பத்திரமாகத் திரும்பி வரலாமா என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் பயணத்திட்டம் முடிந்துவிடும். ஆயின், உழைத்துண்ணும் குடும்பமொன்று இந்த நான்கு கேள்விகளையும் கேட்பதற்குரிய நிலை புகைவண்டி தோன்றியவுடன் தானாக வந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் அது ஒவ்வொரு படியாக உருவாக்கப்பட்டது. சட்டமும் சிக்கனமும் போட்டியும் அதற்குத் துணைநின்றன. இறுதிப் படிக்கு மனித உயிர்களே விலையாகக் கொடுக்கப்பட்டன.

லிவர்பூலையும் மான்செஸ்டரையும் இணைத்த புகையிரதப் பாதை 1830 ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 ஆந் திகதி திறக்கப்பட்டது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் பெருநகரங்கள் பலவும் இருப்புப் பாதைகளால் இணைக்கப்பட்டன. எனினும், ஏழைப் பயணிகளைக் கம்பெனிகள் விரும்பி வரவேற்கவில்லை. மூன்றாம் வகுப்பு என்பது பல இடங்களில் கூரையில்லாத வண்டியாகவே இருந்தது. மழையும் புகையும் நெருப்புப் பொறியும் பயணியின் தலைமேல் விழுந்தன. 1844 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றி இந்நிலையை மாற்றத் தலைப்பட்டது. புதிய கம்பெனி ஒவ்வொன்றும் நாள்தோறும் இரு திசையிலும் ஒரு வண்டியேனும் மூன்றாம் வகுப்பாருக்காக ஓட்டுதல் வேண்டும். அது மணிக்கு 12 மைலுக்குக் குறையாத வேகத்திற் செல்லவேண்டும். இருக்கையும் கூரையும் இருக்கவேண்டும். மைலொன்றுக்கு ஒரு பென்னிக்கு மேல் அறவிடலாகாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அரைக் கட்டணம். குடும்பம் என்பதைப் புகையிரதச் சட்டம் கணக்கிலெடுத்த நிகழ்ச்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

இச்சட்டத்துக்கு மூன்றாண்டுகள் முன்னரே, லெஸ்டர் நகரைச் சார்ந்த தோமஸ் குக் என்பவர் வேறொரு வழியைக் கண்டிருந்தார். அவர் மரவேலைத் தொழிலறிந்தவர். பின்னர் அச்சுத்தொழில் செய்தவர். மதுவிலக்கு இயக்கத்திலே பெரும் பற்றுடையவர். மதுக்கடையைத் தவிர வேறு பொழுதுபோக்கு அறியாத தொழிலாளிக்கு நல்லதொரு மாற்று வேண்டும் என்று அவர் கருதினார். கம்பெனியோடு பேசித் தனிவண்டி ஒன்றை அமர்த்தி, 1841 ஆம் ஆண்டு யூலை 5 ஆந் திகதி ஏறக்குறைய 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காக அழைத்துச் சென்றார். போகவும் வரவும் ஒரு ஷில்லிங் மட்டுமே கட்டணம். வண்டி நிறையுமென்ற உறுதி இருந்தால் தலைக்கு மிகக் குறைந்த தொகை வாங்கியும் இலாபம் காணலாம் என்னும் எளிய கணக்கே இதன் அடிப்படை. உல்லாசப் பயண வண்டிகளை ஓட்டியோருள் குக் முதல்வர் அல்லர். ஆயினும் அவற்றை ஒழுங்கானதொரு தொழிலாக வளர்த்தவர் அவரே.

மலிவுப் பயணம் பெருகப் பெருக, அதனை அஞ்சியோரும் பெருகினர். 1844 ஆம் ஆண்டில் ஏரி நாட்டுக்குப் புகையிரதப் பாதை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, கவிஞர் வேட்ஸ்வர்த் அதனைக் கடுமையாக எதிர்த்தார். இயற்கையழகைச் சுவைக்கும் பயிற்சி இல்லாத பெருங்கூட்டம் வந்திறங்கினால் அவ்விடத்தின் அமைதி கெடும் என்பது அவர் கருத்து. எதிர்ப்பையும் மீறி 1847 ஆம் ஆண்டில் வின்டமியர் வரை பாதை வந்து சேர்ந்தது. நாட்டுப்புற ஏரிக்கே இவ்வாறாயின், தலைநகரின் நிலை என்ன? 1848 ஆம் ஆண்டில் வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தினர் இலண்டனிற் கூடியபோது உயர்குடியினர் அடைந்த நடுக்கம் இன்னும் மறையவில்லை. பாமர மக்களை இலட்சக்கணக்கில் இலண்டனுக்குள் விடலாமா என்ற கேள்வி 1851 ஆம் ஆண்டில் நேருக்குநேர் எழுந்தது.

அவ்வாண்டு மே மாதம் 1 ஆந் திகதி, விக்டோரியா மகாராணியார் ஹைட் பூங்காவிலே மகா கண்காட்சியைத் திறந்துவைத்தார். யோசப் பக்ஸ்ரன் வடிவமைத்த கண்ணாடி மாளிகை 1,848 அடி நீளமும் 408 அடி அகலமும் உடையது. உலகின் பல பாகங்களிலிருந்தும் கைப்பொருள்களும் இயந்திரங்களும் அங்கே குவிக்கப்பட்டன. கோகினூர் வைரம் அங்கிருந்தது. இலங்கையின் விளைபொருள்களும் அங்கிருந்தன. முதல் வாரங்களில் நுழைவுக் கட்டணம் செல்வருக்கே ஏற்றதாயிருந்தது. மே 26 ஆந் திகதி தொடக்கம் திங்கள் முதல் வியாழன் வரையுள்ள நாள்களில் அது ஒரு ஷில்லிங்காகக் குறைக்கப்பட்டது. அன்று கலகம் விளையும் என்று அஞ்சியோர் பலர். பொலிசார் தொகை பெருக்கப்பட்டது. படைகளும் ஆயத்தமாக வைக்கப்பட்டன.

வெளியூரிலிருந்து வரவேண்டிய குடும்பமொன்றின் கணக்கை இங்கு போட்டுப் பார்க்கலாம். அக்காலத்தில் பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங்; இருபது ஷில்லிங் ஒரு பவுண். வடக்கேயுள்ள லீட்ஸ் நகரிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 200 மைல். மைலுக்கு ஒரு பென்னி வீதம் கொடுத்தால் போய்வர ஒருவருக்கு 33 ஷில்லிங் 4 பென்ஸ் ஆகும். தாய், தந்தை, அரைக் கட்டணத்துக்குரிய இரு பிள்ளைகள் என்று கொண்டால் மொத்தம் ஐந்து பவுண். வயலில் உழைப்பவன் வாரத்துக்கு ஒன்பது அல்லது பத்து ஷில்லிங் பெற்ற காலம் அது. ஆகவே, பாராளுமன்றம் வகுத்த மலிவுக் கட்டணமும் அவனுக்குப் பத்து வாரக் கூலியாயிற்று.

இந்தத் தடையைத் தகர்த்தது கம்பெனிகளின் போட்டியே. மிட்லண்ட் கம்பெனிக்காகப் பயணிகளைத் திரட்டும் பொறுப்பைக் குக் ஏற்றிருந்தார். யோக்‌ஷயர் நகரங்களிலிருந்து போய்வர 15 ஷில்லிங் என்று முதலில் முடிவாகியிருந்தது. கிரேட் நொதேர்ண் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மிட்லண்டும் குறைத்தது, ஈற்றில் அது 5 ஷில்லிங்கில் வந்து நின்றது. ஐந்து பவுண் வேண்டியிருந்த குடும்பத்துக்கு, பிள்ளைகளுக்கு அரைக் கட்டணமெனக் கொண்டால், 15 ஷில்லிங் போதுமாயிற்று. நுழைவுக்கு நான்கு ஷில்லிங் சேர்த்தாலும் ஒரு பவுணுக்குள் இலண்டனைக் கண்டு வரலாம்.

அந்த ஒரு பவுணும் கையில் இருப்பவர் சிலரே. ஆகையால், ஆலைகளிலும் ஊர்களிலும் கண்காட்சிச் சேமிப்புச் சங்கங்கள் தோன்றின. உறுப்பினர் வாரந்தோறும் சில பென்ஸ் செலுத்திப் பயணச் செலவைச் சேர்த்தனர். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் முதுமொழிக்கு இச்சங்கங்கள் நல்ல சான்றாகும். குக் தம் மகனையும் துணைக்கொண்டு நகர்தோறும் சென்று இச்சங்கத்தாரைச் சந்தித்தார். பயண விபரங்களைத் தெரிவிப்பதற்கென ஒரு பத்திரிகையையும் வெளியிட்டார். அவர் ஏற்பாட்டில் மட்டும் ஏறத்தாழ 150,000 பேர் இலண்டன் சென்று திரும்பினர்.

பயணத்துக்குக் காசு மட்டும் போதாது. வண்டி எத்தனை மணிக்கு என்பதும் தெரியவேண்டும். புகையிரதம் வருமுன் இங்கிலாந்தின் ஊர் ஒவ்வொன்றும் தன் சூரியனைப் பார்த்தே கடிகாரத்தை வைத்துக்கொண்டது. மேற்கேயுள்ள பிரிஸ்டல் நகரம் இலண்டனுக்குப் பத்து நிமிடம் பிந்தியிருந்தது. இவ்வேறுபாடு குதிரை வண்டிக்குத் தடையன்று, புகையிரதத்துக்கோ பெருந்தடை. 1847 ஆம் ஆண்டை அடுத்து, கம்பெனிகள் பெரும்பாலும் கிரினிச் நேரத்தையே கைக்கொண்டன. 1839 ஆம் ஆண்டு முதல் பிரட்ஷோ வெளியிட்டு வந்த நேரசூசிப் புத்தகம் அதன்பின் மேலும் பயனுடையதாயிற்று. நாடு முழுமைக்கும் அந்நேரமே சட்டபூர்வமானது என்று 1880 ஆம் ஆண்டிலேதான் விதிக்கப்பட்டது. சட்டம் வருமுன்னரே, வண்டியைத் தவறவிட விரும்பாத மக்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர்.

இவ்வாறு வந்து சேர்ந்த கூட்டம் எவ்வாறு நடந்துகொண்டது? அஞ்சியது எதுவும் நிகழவில்லை. நிலையங்களிலிருந்து சாரிசாரியாக வந்தோர் பொருள்களைப் பார்த்தனர், வியந்தனர், கட்டிக்கொண்டு வந்த உணவை உண்டனர். மாளிகைக்குள் மதுபானம் விற்கப்படவில்லை. பாத் பணிஸ் என்னும் இனிப்புப் பணிஸ் மட்டும் ஒன்பது இலட்சத்துக்கு மேல் விலைப்பட்டது. பெண்களும் பிள்ளைகளும் நெடுநேரம் வெளியே தங்குவதற்கு இன்றியமையாத மலசலகூட வசதியும், ஒரு பென்னி கட்டணத்தில், அங்கு பொதுமக்களுக்கு அளிக்கப்பட்டது. புகையிரத வசதி இன்னும் முழுமையாக எட்டாத கோர்ன்வால் பகுதியிலிருந்து, எண்பது வயதைக் கடந்த மேரி கெலினாக் என்னும் மூதாட்டி இலண்டன் வரை நடந்தே வந்து கண்காட்சியைக் கண்டார். மகாராணியாரும் அவரைச் சந்தித்தார். ஒக்டோபர் 7 ஆந் திகதி ஒரே நாளில் 109,915 பேர் உள்ளே சென்றனர். ஐந்தரை மாதத்துள் பதிவான அறுபது இலட்சம் வருகைகளுள் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டவை ஒரு ஷில்லிங் நாள்களுக்குரியவை. பாமர மக்களை நம்பலாமா என்ற கேள்விக்கு அம்மக்களே தம் நடத்தையால் விடையளித்தனர்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமைகளில் மூடப்பட்டிருந்தது. ஆகவே இலண்டன் செல்லும் தொழிலாளி, முதலாளி மனமிரங்கி விடுமுறை அளித்தாலன்றி, ஒரு நாட் கூலியை இழக்கவேண்டியவனானான். அதற்கு முந்திய ஆண்டில் வந்த தொழிற்சாலைச் சட்டம், துணியாலைகளிற் பணிபுரிந்த பெண்களுக்கும் இளைஞருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலை முடியவேண்டும் என்று விதித்திருந்தது. அது அரை நாள் மட்டுமே. 1871 ஆம் ஆண்டில், சேர் யோன் லபொக் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டம் ஓகஸ்ட் மாதத்து முதல் திங்கள் உட்பட ஆண்டில் நான்கு நாள்களை இங்கிலாந்தில் விடுமுறை நாள்களாக்கியது. வங்கிகளுக்கென வகுத்த சட்டத்தின் பயனைக் கடைகளும் தொழிற்சாலைகளும் நாளடைவில் பெற்றன. அந்நாள்களில் புகையிரத நிலையங்கள் குடும்பங்களால் நிரம்பி வழிந்தன.

கட்டணமும் நாளும் நேரமும் கிடைத்தன. பத்திரமாகத் திரும்பி வருதல் என்னும் நான்காவது மட்டும் உறுதிப்படவில்லை. 1861 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, பிரைட்டனிலிருந்து இலண்டனை நோக்கி ஏழு நிமிடங்களுள் மூன்று வண்டிகள் விடப்பட்டன. அவற்றுள் இரண்டு உல்லாசப் பயண வண்டிகள். கிளேட்டன் சுரங்கப் பாதையின் வாயிலில் இயங்கவேண்டிய சமிக்ஞை இயங்கவில்லை. காவலருக்கிடையே தந்தியில் சென்ற செய்தியும் பிழையாகக் கொள்ளப்பட்டது. சுரங்கத்துள் பின்னோக்கி வந்துகொண்டிருந்த இரண்டாம் வண்டியின்மேல் மூன்றாம் வண்டி மோதியது. 23 பேர் மாண்டனர். 176 பேர் காயமுற்றனர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு பெறுவதற்காக அன்று இருபத்துநான்கு மணிநேரக் கடமையை ஏற்றிருந்தார் அச்சமிக்ஞைக் காவலர். ஆயிரக்கணக்கானோரின் விடுமுறையைக் காத்து நின்றவருக்குத் தமக்கென ஒரு விடுமுறை எளிதிற் கிட்டவில்லை.

இதனினும் கொடிய நிகழ்ச்சி 1889 ஆம் ஆண்டு யூன் 12 ஆந் திகதி அயர்லாந்தில் நேர்ந்தது. ஆர்மா நகரத்து ஞாயிற்றுப் பாடசாலைப் பிள்ளைகளும் பெற்றோருமாகத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் வொரன்பொயின்ற் கடற்கரையிலே ஒரு நாளைக் கழிக்கப் புறப்பட்டனர். பாரம் மிகுந்த வண்டி மேட்டில் ஏறமாட்டாது நின்றது. ஊழியர் அதனை இரண்டாகப் பிரித்தனர். பின்பகுதியைத் தாங்கிநிற்கப் போதிய பிறேக் இல்லை. அது சரிவில் உருண்டோடி, பின்னால் வந்த வண்டியோடு மோதியது. எண்பது பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் குழந்தைகள். பெட்டிகள் பிரிந்தால் தாமாகவே பற்றிக்கொள்ளும் பிறேக்கை எல்லாப் பயணிகள் வண்டிகளிலும் பொருத்தவேண்டும் என்று அதிகாரிகள் பல்லாண்டாக வற்புறுத்தி வந்தனர். கம்பெனிகளோ செலவைக் காட்டித் தயங்கின. அக்குழந்தைகளின் மரணத்தின் பின் தயக்கத்துக்கு இடமிருக்கவில்லை. அவ்வாண்டே நிறைவேறிய சட்டம் அத்தகைய பிறேக்கைக் கட்டாயமாக்கியது. பாதையின் ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்போது மற்றொரு வண்டி நுழையலாகாது என்னும் முறையையும் அச்சட்டமே பொதுவிதியாக்கியது.

கண்காட்சியை நடத்தியோருக்கு 1851 ஆம் ஆண்டில் எஞ்சிய இலாபம் ஏறத்தாழ 186,000 பவுண். அப்பணத்தைக் கொண்டு தென் கென்சிங்டனில் நிலம் வாங்கப்பட்டது. இன்று விக்டோரியா அல்பேட் நூதனசாலையும் விஞ்ஞான நூதனசாலையும் இயற்கை வரலாற்று நூதனசாலையும் அந்நிலத்திலே நிற்கின்றன. வாரந்தோறும் சில பென்ஸ் சேமித்துப் புகையிரதமேறி வந்த குடும்பங்களின் ஷில்லிங்குகளும் அந்த இலாபத்திற் கலந்துள்ளன. ஒருநாட் பயணமாக இன்று இலண்டன் செல்லும் குடும்பம் அந்நூதனசாலைகளின் நிரந்தரக் காட்சிகளை நுழைவுக் கட்டணம் இன்றியே பார்த்துவிட்டு, மாலை வண்டியில் வீடு திரும்புகிறது.