அசோசியேட் பட்டம் (இறையியல், ஊழியம்)

அமெரிக்க வேதாகமக் கல்லூரிகள் வழங்கும் இரண்டாண்டுப் பட்டம். பள்ளிப் படிப்பை முடித்தவர் சேரலாம். ஏறத்தாழ 60 கிரெடிட். இளங்கலைப் படிப்பில் பாதி. பழைய, புதிய ஏற்பாடுகள், கிறிஸ்தவக் கோட்பாடு, திருச்சபை வரலாறு, பிரசங்கக் கலை ஆகியவற்றோடு ஆங்கிலம் போன்ற பொதுப் பாடங்களும் உண்டு. எபிரெயமும் கிரேக்கமும் பொதுவாகக் கட்டாயமில்லை. சபையில் செய்யும் களப்பணிக்கே அழுத்தம் அதிகம்.

இதற்குக் காரணம் அக்கல்லூரிகளின் பிறப்பிலேயே இருக்கிறது. இவ்வகைக் கல்லூரிகளுக்கு முன்னோடியாக 1886இல் சுவிசேஷகர் டி. எல். மூடி சிகாகோவில் தொடங்கிய நிறுவனத்தின் நோக்கம் குருமாரை உருவாக்குவதல்ல, சாமானிய விசுவாசிகளை நகர்ப்புறச் சுவிசேஷப் பணிக்கு ஆயத்தப்படுத்துவது.

பட்டம் வாங்கியவுடன் போதகராகிவிடலாம் என்று நம்பிச் சேர்வோரும் உண்டு. அந்த நம்பிக்கை பிழையானது. குருப்பட்டாபிஷேகத்தைத் தீர்மானிப்பது திருச்சபைப் பிரிவே. அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை பொதுவாக முதுநிலை இறையியல் பட்டத்தை எதிர்பார்க்கிறது. அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையோ பட்டத்தைக் கட்டாயமாக்குவதே இல்லை. ஆகவே ஞாயிறு பள்ளி ஆசிரியர், வாலிபர் ஊழியர், உதவி ஊழியர் போன்றோருக்கே இப்படிப்பு மிகப் பொருந்தும்.

மேலே படிக்க நினைப்பவர் சேருமுன் கல்லூரியின் தர அங்கீகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். அங்கீகாரமற்ற கல்லூரியின் கிரெடிட்டுகளைப் பிற கல்லூரிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை.